வீட்டுக்குள் மட்டும் திறக்க வேண்டிய 8080

மருத்துவமனையிலிருந்து வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீ போட்டுக் குடுத்தது ரொம்ப உதவியா இருந்துச்சுப்பா. டாக்டர் போன மாச ரிப்போர்ட் கேட்டாங்க. அங்கேயே போன்ல திறந்து காமிச்சுட்டேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பக்கம் வீட்டு வைஃபையில் மட்டும்தான் திறக்க வேண்டும். மருத்துவமனையில் திறந்தது என்றால், உலகத்தில் எங்கிருந்தும் திறக்கும்.

அமைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, எங்கள் சான்றிதழ்கள், பழைய போட்டோக்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு அதில் இருக்கின்றன. என்ஜின்எக்ஸ் என்ற வலைப்பக்க மென்பொருள் மூலம் 8080 போர்ட்டில் (போர்ட் என்பது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட கதவு) வெறும் கோப்புப் பட்டியலாகத் தெரியும். கடவுச்சொல் வைக்கவில்லை, வீட்டுக்குள்தானே என்ற எண்ணம். அதற்குக் காவலாக, வருவதை வடிகட்டும் ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் விதிகள் கையால் எழுதியிருந்தேன். வரும் பாக்கெட் (தகவல் துண்டு) எதுவானாலும் கைவிடு, 192.168.1 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளிலிருந்து வந்தால் மட்டும் 22க்கும் (சர்வருக்குத் தொலைவிலிருந்து கட்டளையிடும் எஸ்எஸ்எச் போர்ட்) 8080க்கும் விடு என்பதுதான் அந்த விதிகளின் சாரம். வெளியூரில் இருக்கும்போது நான் உள்ளே வர வயர்கார்டு விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) தனியாக உண்டு. அது என் போனில் மட்டும். அம்மா போனில் இல்லை.

முதலில் என்ஜின்எக்ஸை நிறுத்தினேன். ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். அந்தக் கோப்புறையை விலக்கிவிட்டு, "சோதனை" என்று ஒரே ஒரு வரி இருக்கும் பக்கத்தை வைத்து மறுபடி ஓடவிட்டேன். அம்மா போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், அவர் வழக்கமாகத் தொடும் அதே புக்மார்க்கைத் தொட்டேன். "சோதனை" என்று வந்து நின்றது.

வீட்டுக் கணினிக்கு வந்து, இணையத்திலிருந்து போர்ட்டைச் சோதித்துச் சொல்லும் தளம் ஒன்றில் 8080 கொடுத்தேன். பதில் இல்லை, மூடியிருக்கிறது என்றது. ஃபயர்வால் எழுதிய அன்றும் இதே தளத்தில்தான் பார்த்துத் திருப்தியானேன். ஒரே போர்ட், ஒரே நிமிடம், போனுக்குத் திறந்திருக்கிறது, தளத்துக்கு மூடியிருக்கிறது. இரண்டில் ஒன்று வேறு இடத்தைத் தட்டுகிறது என்றுதானே அர்த்தம்?

ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளி முகவரியைப் பார்த்தேன். 100இல் தொடங்கியது. 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான ஐபிவி4 (இணையத்தின் பழைய முகவரி முறை) முகவரிகளை, இணைய நிறுவனங்கள் தங்கள் உள்வலையில் பயன்படுத்திக்கொள்ள 2012இல் ஒதுக்கி வைத்தார்கள். 32 பிட்டில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. மத்தியக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். சோதனைத் தளத்தின் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பொது முகவரி. அது தட்டியது இணைய நிறுவனத்தின் கதவை. நான் ஃபயர்வாலே போடாமல் இருந்திருந்தாலும் "மூடியிருக்கிறது" என்றுதான் சொல்லியிருக்கும். இத்தனை நாளும் நான் நம்பிய சோதனை என் சர்வரைத் தொடவே இல்லை.

அப்படியானால் அம்மா போன் எந்த வழியாக வந்தது? சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, 8080க்கு வரும் பாக்கெட்டுகளை மட்டும் காட்டச் சொன்னேன். போனில் பக்கத்தைப் புதுப்பித்ததும் வரிகள் ஓடின. எல்லா முகவரியும் 2இல் தொடங்கி, நான்கு நான்கு எழுத்தாக முக்காற்புள்ளி போட்டு நீண்டன. ஐபிவி6, இணையத்தின் புதிய முகவரி முறை.

அதே நேரத்தில் இன்னொரு சாளரத்தில் ஐபிடேபிள்ஸ் விதிகளை எண்ணிக்கையோடு திறந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு விதியையும் எத்தனை பாக்கெட் தொட்டது என்று அது காட்டும். போனில் பத்து முறை புதுப்பித்தும் ஓர் எண்கூட நகரவில்லை. அந்தப் பாக்கெட்டுகளை என் விதிகள் தடுக்கத் தவறவில்லை; அவற்றைப் பார்க்கவே இல்லை.

ஐபிடேபிள்ஸ் பார்ப்பது ஐபிவி4 மட்டும். ஐபிவி6க்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனிக் கட்டளை, தனி விதிப் பட்டியல். அந்தப் பட்டியலைக் கேட்டேன். மூன்று சங்கிலி (விதிகளின் வரிசை), மூன்றிலும் ஒரு விதிகூட இல்லை, எந்த விதியும் பொருந்தாதபோது மூன்றின் இயல்பும் "அனுமதி". விதிகளைச் சேமித்து வைக்கும் கோப்புறையில் எப்போதும் இரண்டு கோப்புகள் இருக்கும், ஒன்று வி4, இன்னொன்று வி6. முதல் கோப்பை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். பக்கத்திலேயே கிடந்த இரண்டாவதை ஒரு நாளும் திறந்ததில்லை.

இதைவிட மனதை உறுத்தியது வேறொன்று. என் வயர்கார்டு இணைப்பு ஐபிவி6 வழியாகத்தான் வருகிறது. ஐபிவி4இல் பகிர்ந்த முகவரி என்பதால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. எங்கள் இணைப்பில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது ஐபிவி6 முகவரி கிடைக்கிறது. அதனால் ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் முகவரியைத் தொடர்ந்து சுட்டும் இணையப் பெயர்) வாங்கி, அதில் சர்வரின் ஐபிவி6 முகவரியைப் பதிந்து வைத்திருந்தேன். விபிஎன் இணைந்தது. ஐபிவி6இல் வயர்கார்டின் போர்ட்டான 51820ஐத் திறக்கும் விதி எதையும் நான் எழுதவில்லை. ஆனாலும் இணைந்தது. எல்லாவற்றையும் மூடியதாக நினைத்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தில், திறக்காத ஒரு போர்ட் வேலை செய்தால் அந்த இடத்திலேயே நின்று ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நினைத்தது நடந்துவிட்ட மகிழ்ச்சியில் நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது "தானாகவே" வேலை செய்துகொண்டிருந்தால் இன்றே ஒருமுறை பாருங்கள்.

அம்மாவின் புக்மார்க்கிலும் அதே பெயரைத்தான் கொடுத்திருந்தேன், எண்ணைவிடப் பெயர் எளிது என்று. அந்தப் பெயரில் ஐபிவி6 முகவரி மட்டுமே உண்டு. ஆக, அம்மா வீட்டில் உட்கார்ந்து திறந்தபோதும் ஐபிவி6 வழியாகத்தான் வந்திருக்கிறார். 192.168.1க்காக நான் பார்த்துப் பார்த்து எழுதிய விதியை அவர் போன் ஒரு நாளும் பயன்படுத்தவில்லை.

ரவுட்டர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். பல வீட்டு ரவுட்டர்களில் ஐபிவி6க்கும் ஒரு ஃபயர்வால் உண்டு. வெளியிலிருந்து தொடங்கும் இணைப்புகளை அது தடுக்கும். என் ரவுட்டரிலும் இருந்தது. விபிஎன் அமைத்த அன்று இணைப்பு வரவில்லையே என்று அதை முழுக்க அணைத்தது நான்தான். திரும்பப் போட்டதாக ஞாபகம். போடவில்லை.

இது உறைத்ததும் சர்வரை விட்டுவிட்டு மற்ற கருவிகளைப் பற்றிய பயம் வந்தது. என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு லேப்டாப்பை இணைத்து, எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் என்மேப் கருவியில் ஐபிவி6 தேர்வைப் போட்டு, வீட்டில் இருக்கும் கருவிகளின் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். சர்வரில் 22, 8080 இரண்டும் "திறந்திருக்கிறது". எஸ்எஸ்எச்சில் சாவிக் கோப்பு மட்டுமே செல்லும், கடவுச்சொல் செல்லாது என்பது ஓர் ஆறுதல். பிரிண்டரில் 631உம் 9100உம் திறந்திருந்தன. 9100 என்பது எதை அனுப்பினாலும் அச்சடிக்கும் போர்ட். எங்கள் வரவேற்பறைப் பிரிண்டரில் ஊர்பேர் தெரியாத எவரும் ஒரு தாளை அச்சடித்திருக்கலாம்.

ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலை அந்த நிமிடமே திரும்பப் போட்டு, சர்வருக்கு வயர்கார்டின் யுடிபி 51820 (யுடிபி என்பது ஒரு வகைப் பாக்கெட் போக்குவரத்து) மட்டும் செல்லும்படி ஒரு விதிவிலக்கு வைத்தேன். மறுபடி என்மேப். பிரிண்டர் மௌனம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்மேப் "திறந்தது" என்றால் எதிர்முனை கைகொடுத்தது, "மூடியது" என்றால் வேண்டாம் என்று பதில் அனுப்பியது, "வடிகட்டப்பட்டது" என்றால் பதிலே வரவில்லை. ஃபயர்வால் வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது நமக்கு வேண்டியது மூன்றாவது. "மூடியது" என்று வந்தால் பாக்கெட் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு அந்தப் போர்ட்டில் ஏதாவது ஓடத் தொடங்கினால் அது அப்படியே வெளியில் தெரியும்.

ரவுட்டரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ரவுட்டர் பழுதாகி மாற்றினாலோ, மென்பொருள் புதுப்பித்து அமைப்பு அழிந்தாலோ மறுபடி இதே நிலை. சர்வர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

வி4 கோப்பை நகலெடுத்து, முகவரிகளை மட்டும் மாற்றி, ஐபி6டேபிள்ஸில் ஏற்றினேன். ஏற்றுமுன் ஒரு பழக்கம்: 5 நிமிடம் கழித்து எல்லா விதிகளையும் அழித்துவிடும்படி ஒரு நேரக் கட்டளையைப் போட்டு வைப்பேன். நாமே நம்மை வெளியே பூட்டிக்கொண்டாலும் 5 நிமிடத்தில் கதவு திறந்துவிடும். அன்றைக்கு அது தேவைப்பட்டது. ஏற்றிய உடனே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும், எஸ்எஸ்எச் சாளரம் உறைந்தது. தட்டச்சு செய்த எழுத்துகூட வரவில்லை. 192.168.1.10 என்று ஐபிவி4 முகவரியைக் கொடுத்து நுழைந்தால் உள்ளே விட்டது. ஐபிவி6இல் மட்டும் சர்வர் செத்துக் கிடந்தது.

காரணம் புரிய அரை மணி நேரம் ஆயிற்று. ஐபிவி4இல், ஒரு முகவரிக்குரிய கருவி எது என்று பக்கத்துக் கருவிகளைக் கேட்கும் வேலையை ஏஆர்பி செய்கிறது. அது ஐபிக்கு வெளியே நடக்கும் பேச்சு. ஐபிடேபிள்ஸ் அதைத் தொடாது. ஐபிவி6இல் அந்த வேலையை ஐசிஎம்பிவி6 என்ற வலை நிலவரச் செய்திகள் செய்கின்றன. "இந்த முகவரி யாருடையது?" என்ற கேள்விக்கு வகை எண் 135, "என்னுடையது" என்ற பதிலுக்கு 136, ரவுட்டர் தன்னை அறிவித்துக்கொள்ள 134. இவையும் ஐபி பாக்கெட்டுகள்தான். பழைய கோப்பில் ஐசிஎம்பி (ஐபிவி4இன் நிலவரச் செய்திகள்) முழுவதையும் கைவிடும்படி எழுதியிருந்தேன். ஐபிவி4இல் அதன் தீங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே, ரவுட்டரும் என் கணினியும் "நீ இருக்கிறாயா?" என்று கேட்ட கேள்வியே சர்வரின் காதில் விழவில்லை. பழைய நினைவு இருந்தவரை பேச்சு நடந்தது, நினைவு காலாவதியானதும் நின்றது. ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை அனுமதிக்கும் விதியும் உதவாது. லினக்ஸ் கெர்னல் இந்தச் செய்திகளை எந்த இணைப்போடும் சேர்த்துக் கணக்கு வைப்பதில்லை.

எவற்றை விட வேண்டும், எவற்றைத் தடுக்கலாம் என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4890 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. 1 முதல் 4 வரையிலான பிழைச் செய்திகளைத் தடுக்கவே கூடாது. குறிப்பாக 2, "பாக்கெட் பெரிதாக இருக்கிறது" என்பது. ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்காது. பெரிது என்று திருப்பிச் சொல்லும், அனுப்பியவர்தான் சிறிதாக்கி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியைத் தடுத்தால் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரியவை பாதியில் தொங்கும். காரணம் தேடி மண்டை காய வேண்டியதுதான்.

இரண்டு பட்டியலை இணையாக வைத்துக் காப்பாற்றும் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பேன். மறந்ததால் வந்த வினைதானே இது. லினக்ஸ் கெர்னலில் 2014இலேயே வந்துவிட்ட என்எஃப்டேபிள்ஸில் "ஐநெட்" என்ற வகை அட்டவணை இருக்கிறது. அதில் எழுதும் விதி ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் சேர்த்தே பொருந்தும். பழைய கோப்புகளையும் அவற்றை ஏற்றும் பொதியையும் நீக்கிவிட்டு, ஒரே கோப்பாக எழுதினேன். உள்வரும் சங்கிலியின் இயல்பு "கைவிடு". இயந்திரம் தன்னோடு தானே பேசுவது, ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளின் பதில்கள் ஆகியவை முதலில் அனுமதி. பிறகு ஐசிஎம்பிவி6இன் பிழைச் செய்திகள், பிங், 133 முதல் 136 வரை. இந்த நான்கையும் ஹாப் எண் 255ஆக இருந்தால் மட்டும் ஏற்கச் சொன்னேன். ஒரு ரவுட்டரைத் தாண்டினாலே அந்த எண் குறைந்துவிடும். 255 என்று வந்தால் இதே கேபிள், இதே வைஃபையிலிருந்து வந்ததென்று உறுதி. அடுத்து யுடிபி 51820. கடைசியாக, 192.168.1 முகவரிகளிலிருந்தும் வயர்கார்டு இடைமுகத்திலிருந்தும் 22, 8080.

ஐபிவி6இல் "வீட்டுக்குள் மட்டும்" என்று சொல்வதற்கு ஐபிவி4 போல நேரான வழி இல்லை. இணைய நிறுவனம் தரும் முன்னொட்டு, அதாவது வீட்டு முகவரிகளின் தொடக்கப் பகுதி, அவ்வப்போது மாறுகிறது. இன்றைய முன்னொட்டை விதியில் எழுதினால் அடுத்த மாதம் அது வேறு யாரோ ஒருவருடையது. அதனால் 8080க்கு ஐபிவி6 அனுமதியே கொடுக்கவில்லை. என்ஜின்எக்ஸிடமும் எல்லா முகவரியிலும் காத்திருக்காதே, 192.168.1.10, வயர்கார்டின் 10.8.0.1 இரண்டில் மட்டும் காத்திரு என்று மாற்றினேன். ஃபயர்வாலை நான் தவறாக எழுதினாலும், காத்திருக்காத முகவரியில் யாரும் நுழைய முடியாது. இதை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. கடவுச்சொல்லும் வைத்தேன்.

விதிகளுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை வைத்து, ஹாட்ஸ்பாட்டிலிருந்து 65,535 போர்ட்டுகளையும் தட்டினேன். இந்தச் சோதனைக்காக மட்டும் ரவுட்டரின் ஃபயர்வாலைச் சற்று நேரம் அணைத்தேன். இல்லாவிட்டால் சர்வரின் விதிகளைச் சோதித்ததாக ஆகாது. பிரிண்டரை அதற்கு முன்பே சுவிட்சில் அணைத்துவிட்டேன். எல்லாம் "வடிகட்டப்பட்டது". டிசிபிடம்பில் பாக்கெட்டுகள் வந்து விழுவது தெரிந்தது, பதில் எதுவும் போகவில்லை, "கைவிடு" எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வந்தது, தடுக்கப்பட்டது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. யுடிபி 51820ஐத் தனியாகத் தட்டியபோது மட்டும் "திறந்தது அல்லது வடிகட்டப்பட்டது" என்று என்மேப் இழுத்தது. வயர்கார்டு, சாவி தெரியாதவருக்குப் பதிலே சொல்லாது. அதனால் அப்படித்தான் வரும்.

யாராவது வந்து போயிருக்கிறார்களா? என்ஜின்எக்ஸின் லாக் கோப்புகளைப் படித்தேன். டெபியனில் அவை 14 நாள்தான் நிற்கும். அதில் பெரும்பாலும் எங்கள் போன்களும் லேப்டாப்பும். ஒரே ஒரு வரி மட்டும் எங்களுடையது அல்லாத முகவரியிலிருந்து, விடியற்காலை 3 மணிக்கு: முதல் பக்கத்தைக் கேட்டிருக்கிறது, 200, அதாவது "சரி", என்று பதில் போயிருக்கிறது. கோப்புப் பட்டியலை அது பார்த்திருக்கிறது. எந்தக் கோப்பையும் கேட்கவில்லை. ஒரு வீட்டின் ஐபிவி6 வலையில் 1.84 லட்சம் கோடி கோடி முகவரிகள் உண்டு, வரிசையாகத் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் என் முகவரியை நானே டிஎன்எஸ்ஸில் ஒரு பெயரோடு போட்டு வைத்திருந்தேனே. அந்த 14 நாளுக்கு முன் யார் வந்தார்கள் என்பதற்கு என்னிடம் எந்தத் தடயமும் இல்லை. லாக்கை 90 நாள் வைத்திருக்கும்படி மாற்றினேன்.

இனி அம்மா. அவருக்கு மருத்துவமனையில் ரிப்போர்ட் வேண்டும், அது நியாயமான தேவை. சர்வரில் அவர் போனுக்கென்று 10.8.0.3 என்ற முகவரியோடு ஒரு சாவி உருவாக்கி, க்யூஆர் குறியாக மாற்றி, வயர்கார்டு செயலியில் ஸ்கேன் செய்தேன். 10.8.0.1க்குப் போவது மட்டும் சுரங்கத்தில் செல்லட்டும், யூடியூபும் வாட்ஸாப்பும் நேராகப் போகட்டும் என்று வைத்தேன். எப்போதும் இணைந்தே இருக்கும்படி போனின் அமைப்பில் போட்டு, புக்மார்க்கை 10.8.0.1க்கு மாற்றினேன். கடவுச்சொல்லை ஒருமுறை அடித்துப் போனிலேயே சேமித்தாயிற்று. இரண்டு இடைஞ்சல்களைச் சொல்லிக் கொடுத்தேன். மருத்துவமனை வைஃபையில் ஐபிவி6 இல்லாவிட்டால் இணையாது, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். வீட்டு முகவரி மாறிவிட்டால் செயலி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும், ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது. லேப்டாப்பின் பழைய பேட்டரி தாங்கவில்லை, அணைந்து எழுந்தது. பக்கம் திறக்கவில்லை. என்ஜின்எக்ஸ் எழும்போது வயர்கார்டு இன்னும் எழவில்லை, 10.8.0.1 என்ற முகவரியே அப்போது இல்லை; அதனால் பிழை சொல்லி நின்றுவிட்டது. இன்னும் வந்து சேராத முகவரியிலும் காத்திருக்க அனுமதிக்கும் ஓர் அமைப்பு லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது, ஐபி நான்லோக்கல் பைண்ட் என்று. அதை 1 ஆக்கினேன். பிறகு வேண்டுமென்றே நான்கு முறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் எழுந்தது.

அடுத்த பரிசோதனைக்கு அம்மா கிளம்பிய அன்று லாக்கை ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். 11:20க்கு ஒரு வரி வந்தது. 10.8.0.3, ரத்தப் பரிசோதனைக் கோப்பு, 200.